பொண்ணு மீடியேட்டர் ஆகணும்ங்கறா, என்ன கத்துக்கணும்?

வணக்கம் சார், உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணு லா மூணாவது வருஷம், திடீர்னு கோர்ட்ல வாதாடறதுல இஷ்டமில்ல மீடியேட்டர் ஆகப்போறேன்னு நிக்கறா, இதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டுறோம்னு வீட்ல கவலை, சரிதானே. ஆசை நல்ல ஆசைதான் சார், தடுக்காதீங்க. ஆனா கோர்ஸ் முடிச்ச மறுநாளே சம்பளம் வர்ற வேலை இல்ல இது, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

மீடியேஷன்னா சண்டையில இருக்கற ரெண்டு தரப்பையும் உட்கார வச்சுப் பேச வச்சு சமரசத்துக்கு கொண்டு வர்றது, இதை ஊர் பஞ்சாயத்து மாதிரின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பஞ்சாயத்துல பெரியவர் தீர்ப்பு சொல்லுவாரு, மீடியேட்டர் தீர்ப்பே சொல்லக்கூடாது, முடிவு எடுக்கறது சண்டையில இருக்கற ரெண்டு பேரும்தான். இந்தியாவுலயே கோர்ட்டோட சேர்ந்த மீடியேஷன் சென்டர் முதல்ல வந்தது நம்ம சென்னை ஹைகோர்ட்லதான், 2005ல. 2023ல மீடியேஷனுக்குன்னு தனிச் சட்டமே வந்துடுச்சு, என்ன, எல்லாப் பிரிவும் ஒரே நேரத்துல அமலுக்கு வரல. கோர்ட் சென்டர்கள்ல மீடியேட்டரா உட்கார 40 மணி நேர ட்ரெய்னிங் இருக்கு, அவங்க மீடியேட்டர் பட்டியல்ல (பேனல்) சேர பெரும்பாலும் சில வருஷ ப்ராக்டிஸும் கேப்பாங்க. அதனால டிகிரி முடிச்சு வக்கீலா என்ரோல் பண்ணி, சொத்து கேஸ், குடும்ப கேஸ் பாக்கற ஒரு சீனியர்கிட்ட சேரச் சொல்லுங்க. சண்டை எப்படி முத்துதுன்னு பக்கத்துல இருந்து பாக்காம அதை தீர்க்க வராது.

ஆனா அந்த 40 மணி நேரத்துக்காக காத்திருக்க வேணாம், கைத்தொழிலை இப்பவே பழகலாம். காலேஜ்ல நடக்கற மாதிரி கோர்ட்ல (மூட் கோர்ட்) பதிலடி குடுக்கப் பழக்குவாங்க, இங்க பதில் சொல்லாம கேக்கப் பழகணும், அதுதான் கஷ்டம். ஒரு பயிற்சி சொல்றேன், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ அண்ணன் தங்கச்சியா உட்கார வச்சு அப்பா வீட்டு வாடகைக்கு சண்டை போடச் சொல்லுங்க. தங்கச்சி "அவன் திருடன், நாலு வருஷ வாடகைய முழுங்கிட்டான்"னு கத்துவா. உங்க பொண்ணு அதை "வாடகை கணக்கு உங்களுக்கு காட்டவே இல்ல, இனிமே கணக்கு உங்க கண்ணு முன்னாடி இருக்கணும்னு கேக்கறீங்க, சரியா?"ன்னு திருப்பிச் சொல்லணும். திருடன்ங்கற வார்த்தை போயிடும், அவளோட தேவை மட்டும் மேசை மேல நிக்கும். தங்கச்சி "ஆமா, அதான்"னு சொன்னா உங்க பொண்ணு சரியா சொல்லிட்டான்னு அர்த்தம், "நான் அப்படி சொல்லல"ன்னா மறுபடி கேக்கணும். பத்து இருபது தடவை பண்ணினா தானா வர ஆரம்பிக்கும்.

அடுத்தது ரகசியம். ரெண்டு தரப்பையும் தனித்தனியா பாக்கும்போது ஒருத்தர் "பத்து லட்சம் கேக்கறேன், ஏழுன்னாலும் சரிதான்"னு மனசத் திறப்பாரு. அவர் சம்மதம் இல்லாம அந்த ஏழு அடுத்த ரூமுக்குப் போகக்கூடாது சார், வாயால மட்டுமில்ல, முகத்துலயும் தெரியக்கூடாது. வீட்ல ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லாம இருக்கற பழக்கம் அவளுக்கு இருக்கான்னு நீங்களே பாத்து சொல்லலாம்.

எழுத்தும் முக்கியம். பேசி முடிச்சப்புறம் ஒப்பந்தத்துல "சீக்கிரம் பணம் தந்துடுவார்"னு எழுதினா அது அடுத்த கேஸுக்கு விதை. எவ்வளவு, எந்த தேதிக்குள்ள, எந்த அக்கவுண்ட்ல, தரலேன்னா என்ன, எல்லாம் வரணும், அதுவும் கையெழுத்து போடறவங்களுக்கு புரியற தமிழ்ல வரணும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்க இங்கதான் தடுமாறுறாங்க, அதனால தமிழ்ல எழுதற பழக்கத்த விட வேணாம்னு சொல்லுங்க.

வருமானத்துக்கு முதல் சில வருஷம் வக்கீல் தொழில்தான் கை குடுக்கும், மீடியேஷன் மெல்ல மெல்ல பக்கத்துலயே வளரட்டும். இந்த செமஸ்டர் லீவுல அந்த அண்ணன் தங்கச்சி பயிற்சிய நாலு தடவை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, எங்கெங்க குறுக்க பேசினான்னு அவளே எழுதி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் அவகூட உட்கார்ந்து பாக்கறேன்.