டம்ளரில் வந்த பழுப்பு

கேள்வி: சுத்திகரிப்பான் விற்க வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் தன்னுடைய ஆர்.ஓ. கருவியின் தண்ணீர் ஒரு டம்ளர் வைத்து, இரண்டிலும் ஒரு மின்கருவியின் கம்பிகளை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டியது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. வீட்டில் எல்லோரும் மிரண்டுபோயிருக்கிறோம். ஆர்.ஓ. வாங்கிவிடலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கருவியில் இரும்புக் கம்பிகள் இருக்கும். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு அரித்துத் துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் அரிப்பதில்லை. அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

அப்புறம் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுப்பார். அது பொய் சொல்லாது, ஆனால் பாதிக் கதைதான் சொல்லும். மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்த உப்புகளின் அளவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகச் சுவை நன்றாக இருக்கும், 1000-ஐத் தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் மீட்டர் 80 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். ஆர்செனிக்குக்கு அந்நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், இவ்வளவு சின்ன அளவு அந்த மீட்டரில் எங்கே தெரியப்போகிறது?

எனவே முதலில் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். டி.டி.எஸ்., கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால், அந்த பாட்டிலைத்தான் சோதித்ததாக ஆகும்.

உப்போ, ஃபுளோரைடோ, நைட்ரேட்டோ, ஆர்செனிக்கோ அதிகம் என்று அறிக்கை சொன்னால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. கிருமி மட்டும்தான் தொல்லை என்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. அல்லது நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் யூ.எஃப். போதும். கலங்கல் தண்ணீருக்கு யூ.வி.யை மட்டும் நம்பாதீர்கள், தூசியின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம். குளோரின் வாடைதான் பிரச்சினையா? கார்பன் ஃபில்டர் அதை எடுத்துவிடும். கூடவே கிருமியைத் தடுத்துவைத்திருந்த குளோரினும் போய்விடுகிறது என்பதால், அந்தத் தண்ணீரை நாள் கணக்கில் பிடித்துவைக்க வேண்டாம். இன்னொன்று, வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவாக வெளியே தள்ளுவது சாதாரணம். தேவையே இல்லாத வீட்டில் அது வெறும் தண்ட நீர்.

கேள்வி: கெய்சரில் சுண்ணாம்பு கட்டுகிறது, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. சாஃப்ட்னர் வாங்கிப் பொருத்தியும் டி.டி.எஸ். குறையவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, அது குறையாது. சாஃப்ட்னரில் உள்ள ரெசின் (பிசின் போன்ற செயற்கைப் பொருள்) மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடுகின்றன. ஆள் மாறுகிறதே தவிர, கூட்டம் குறைவதில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், சோப்பே போதும். நுரைத்தால் சரி. நுரை மறுபடி குறைந்தால் ரெசினை உப்புக்கரைசலில் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வீட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் இருந்தால், சமையலறைக் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்பே தனியாகப் பிரித்துவிடுங்கள். கடினநீரைக் குடிப்பதால் கெடுதல் இல்லை, கெய்சருக்குத்தான் கேடு.

கேள்வி: எதுவும் வாங்காமல் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: கிருமிக்குப் போதும். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். ஆனால் கரைந்திருக்கும் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் போன்றவை எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் அதிகம் என்று அறிக்கை வந்திருந்தால், அந்தத் தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கப் பயன்படுத்தாதீர்கள்.