மகனின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். தன்னையே அடித்துக்கொள்வான், பக்கத்தில் இருப்பவரைக் கடிப்பான் என்பதற்காக ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறான், இப்போது தினம் 1 மி.கி. அடிப்பது குறைந்துவிட்டது. ஆனால் பசி அடங்குவதே இல்லை, எடை ஏறிக்கொண்டே போகிறது. மாமியார் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தூக்கமில்லை, வாந்தி, ஓயாத அழுகை. பயந்துபோய் மறுபடி கொடுத்துவிட்டேன். ஆயுசு முழுக்க இதுதானா?
(வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: இல்லை சகோதரி, ஆயுசு முழுக்க என்று இப்போதே முடிவுகட்ட வேண்டியதில்லை. இந்த மருந்து ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதில்லை. எரிச்சலையும் மூர்க்கத்தையும் தணிக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'இன்னும் தேவையா?' என்று அவ்வப்போது கேட்பது பெற்றோரின் உரிமை. எடை விஷயமும் சின்னதல்ல. சர்க்கரை, கொழுப்பு பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? மார்பு வீங்கினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த மருந்தால் அதுவும் வரும்.

மூன்றாம் நாள் நீங்கள் பார்த்தது பழைய பிரச்சினை திரும்பியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடம் மருந்தோடு பழகிய மூளையிலிருந்து அதைத் திடீரென்று பிடுங்கினால் தூக்கம் கெடும், குமட்டும், பிள்ளை நிலைகொள்ளாமல் தவிக்கும். சிலருக்கு வாய் தானாகக் கோணும், நாக்கு துழாவும், விரல்கள் நெளியும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனாலும் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். குறைத்த சில நாட்களில் கிளம்பி மெல்லத் தணிந்தால் அநேகமாக மருந்து விலகும் தொல்லை. வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் பழைய பிரச்சினையாக இருக்கலாம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொல்லத் தெரியாத பிள்ளை வலியை அடித்துத்தான் காட்டும்.

சரி, எப்படிக் குறைப்பது? கணக்குப் போட வேண்டியவர் உங்கள் டாக்டர். பொதுவாக, கொஞ்சம் குறைத்து, சில வாரம் பொறுத்து, பிள்ளை நிதானமாக இருந்தால்தான் அடுத்த குறைப்பு. பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். 1 மி.கி.யிலிருந்து அரைக்கு வந்தாயிற்று, மீதி அரைதானே என்று நிறுத்திவிடுகிறார்கள். மூளையைப் பொறுத்தவரை அந்தக் கடைசி அரைதான் பெரிய இறக்கம். அதை இன்னும் சின்னத் துண்டுகளாக்க வேண்டும். மாத்திரையைக் கத்தியால் கால், அரைக்கால் என்று வெட்டினால் அளவு சரியாக வராது. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள திரவ மருந்து உண்டு, அதைக் கேளுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுக்கலாம்.

கோடை விடுமுறையில் செய்யலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடுமுறை என்றாலே இந்தப் பிள்ளைகளுக்கு அன்றாட ஒழுங்கு கலைந்துபோகும். பள்ளி திறந்து ஓரிரு மாதம் ஆகி, வீட்டில் கல்யாணம், இடமாற்றம் எதுவும் இல்லாத நேரம் நல்லது. அந்தச் சமயத்தில் வேறு மருந்தையும் மாற்ற வேண்டாம். ரிஸ்பெரிடோனோடு, அதனால் வரும் விறைப்பு, நடுக்கத்துக்காக ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையும் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த மருந்தால் பலனடைந்த ஆட்டிசப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு வாராவாரம் கால்பங்கு குறைத்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு மாற்றினார்கள். 16 பேரில் 10 பேருக்குப் பிரச்சினை திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 16 பேரில் 2 பேருக்குத்தான். உங்கள் மகனுக்கும் திரும்பினால் அது உங்கள் வளர்ப்பின் குறையல்ல. முந்தைய டோஸுக்குப் போய்விட்டு, பிறகு முயலலாம். பூஜ்யத்துக்கு வர முடியாமல் பாதி டோஸில் நின்றாலும் லாபம்தான். அதுவும் முடியாவிட்டால் அரிப்பிப்ரசோல் என்ற மாற்று மருந்து பற்றிக் கேளுங்கள், எடை ஏற்றம் பொதுவாகக் குறைவு. ஏறவே ஏறாது என்றில்லை.

டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். பாதி வழியில் வேறு யோசனை வராமலிருக்கும்.

காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, தலையை மோதிக் காயப்படுத்திக்கொண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.