அரிசி ஆலையின் பற்சக்கரம் சேலைக்கு வரும்போது: கேள்வி பதில்

காரைக்குடியில் ஸ்கிரீன் அச்சுப் பட்டறை, அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை இறக்கித் துணியில் அச்சிடும் பட்டறை, நடத்திவருகிறேன். எந்திரங்களைக் கருவாகக் கொண்ட துணி வடிவமைப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

தேவகோட்டை மாணவி: ஐயா, எங்கள் ஊரின் பழைய அரிசி ஆலையில் பற்சக்கரங்களைப் படம் எடுத்திருக்கிறேன். அதை அப்படியே சேலையில் அச்சிடலாமா?

அப்படியே வேண்டாம் அம்மா. படத்திலுள்ள துருவும் எண்ணெய்க் கறையும் நிழலும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஸ்கிரீனில் ஓர் இடத்தில் மை இறங்கும் அல்லது இறங்காது, நடுநிலை கிடையாது. நிழலைப் புள்ளிகளாக உடைத்து அச்சிட வழி உண்டென்றாலும், சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள சாதாரண மெஷ்ஷில் (ஸ்கிரீனின் வலைத்துணியில்) நுண்ணிய புள்ளிகள் நிற்பதில்லை. சக்கரத்தின் விளிம்பையும், இரு பற்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தையும் மட்டும் வரைந்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிப்பீட், அதாவது ஒரே வடிவம் துணி நெடுக மீண்டும் மீண்டும் வந்து பொருந்துவது. தொடக்க காலத்தில் நானே ஒரு சக்கர வரிசையை வரைந்து, ஸ்கிரீனின் வலது ஓரத்தில் ஒரு பல்லைப் பாதியில் வெட்டிவிட்டு, மறுபாதி இடது ஓரத்தில் சரியாக வந்து பொருந்துகிறதா என்று பார்க்காமல் எக்ஸ்போஸ் செய்துவிட்டேன், அதாவது ஃபிலிமை வைத்து ஒளி காட்டி வடிவத்தை ஸ்கிரீனில் பதித்துவிட்டேன். ஐந்தரை மீட்டர் சேலையில் அரை மீட்டருக்கு ஒரு முறை உடைந்த பல் ஒன்று எட்டிப் பார்த்தது. ஃபிலிம் எடுப்பதற்கு முன் வரைபடத்தின் நான்கு நகல்களைத் தரையில் ஒட்டவைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிழை தானாகத் தெரியும்.

கானாடுகாத்தான் வாசகர்: அண்ணே, ஆத்தங்குடித் தரைக் கல்லைப் போலவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அடைத்து வடிவமைத்தேன். மூன்று ஸ்கிரீன் ஆகிறது. செலவைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். நிறங்கள் அக்கம்பக்கமாக அமருமே தவிர ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதில்லை. துணியில் ஏறலாம். வெள்ளைத் துணியில் மஞ்சள் சக்கரத்தை முதலில் அச்சிட்டு, அது காய்ந்தபின் அதன்மேல் நீலப் பட்டையை ஓட்டினால், இரண்டும் வெட்டும் இடம் பச்சையாகிவிடும். வெள்ளை கலக்காத, ஒளி ஊடுருவும் மைப் பேஸ்டாக இருந்தால்தான் இது நடக்கும். பச்சைக்குத் தனி ஸ்கிரீன் வேண்டாம், இரண்டே போதும். அரை மீட்டர் ரிப்பீட்டில் ஒரு சேலைக்கு 33 முறை ஸ்கிரீனை வைக்க வேண்டிய இடத்தில் 22 முறை வைத்தால் போதும். தவிர, எந்திரத்தின் உறுப்புகள் ஒன்றையொன்று கடந்து சுழலும் உணர்வும் அந்தப் பச்சையில்தான் வருகிறது. மையைத் தேய்த்து இறக்கும்போது முதலில் 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களை முடித்து, காய்ந்ததும் திரும்பி வந்து 2, 4, 6 ஆகியவற்றை நிரப்புங்கள். அப்போதுதான் ஸ்கிரீனின் சட்டம் ஈர மையில் படாது.

காரைக்குடி ஆசிரியர்: எந்திரத்தைத் துணியில் வரைவது நம் காலத்துப் புதுமையா?

இல்லை. 1923, 1924 ஆண்டுகளில் மாஸ்கோவின் அரசுத் துணி அச்சு ஆலையில் லியூபோவ் போப்போவா, வர்வரா ஸ்டெபனோவா என்ற இரு ஓவியர்கள் அளவுகோலும் காம்பஸும் கொண்டே வட்டங்களையும் பட்டைகளையும் அமைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதே நாட்டில் டிராக்டரும் புகைபோக்கியும் நேரடியாகவே துணிக்கு வந்தன. ஸ்கிரீன் அச்சில் எடுத்துக்காட்டு வேண்டுமானால், இங்கிலாந்தின் வார்னர் நிறுவனத்துக்காக எடி ஸ்குவயர்ஸ் 1969இல் வடிவமைத்த விண்வெளி ராக்கெட் துணியைச் சொல்லலாம். என் விருப்பம் போப்போவாவின் பக்கம்தான். டிராக்டர் படத்தை உடுத்திக்கொண்டால் சுவரொட்டியைச் சுற்றிக்கொண்டது போலிருக்கும். ஓட்டத்தின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அது துணியாகவே இருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: கண்டாங்கிச் சேலையிலேயே அச்சிட்டுத் தருவீர்களா தம்பி?

மாட்டேன் ஆச்சி. கண்டாங்கியின் கட்டமும் கோடும் தறியில் பிறந்தவை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றதும் அந்த நெசவுக்காகத்தான். அதன்மேல் சக்கரத்தை ஏற்றினால் இரண்டும் கெடும். அதே அரக்கையும் கடுகு மஞ்சளையும் எடுத்து, கட்டமில்லாத பருத்தித் துணியில் செய்து தருகிறேன்.

சிவகங்கைத் தொழில்முனைவோர்: இரண்டு முறை துவைத்ததும் அச்சு உதிர்கிறது. மை மட்டமா?

பெரும்பாலும் மையில் குறையிராது. காடா துணியை (வெளுக்காத தறித் துணியை) நெசவுக் கஞ்சி எடுக்காமல் அச்சிட்டிருப்பீர்கள், அல்லது வெயிலில் காயவைத்ததோடு நிறுத்தியிருப்பீர்கள். பிக்மென்ட் (நிறத்தூள்) இழைக்குள் போவதில்லை; பைண்டர் என்ற பசைதான் அதைத் துணியின் மேல் பிடித்துவைக்கிறது. அந்தப் பைண்டர் இறுகுவதற்கு 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் சில நிமிடங்கள் தேவை, நம் ஊர்ச் சித்திரை வெயிலும் அதற்குப் போதாது.

அவரே: மெஷ் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே?

அதற்குக் காரணம் அதே வெயில்தான். மின்விசிறியை நிறுத்துங்கள், பேஸ்ட்டில் ஈரம் காக்கக் கொஞ்சம் யூரியா சேர்த்துக்கொண்டு, கோடைக்காலத்தில் காலை பத்து மணிக்குள் அச்சு வேலையை முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு எழும்போது ஸ்கிரீனைக் கழுவாமல் எழ வேண்டாம்.