புகார் நோட்டு யார் கையில்?

மும்பை வாசகர்களின் வீட்டுப் பிரச்சினைகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, ரயில் பாதையோரம் இருந்த எங்கள் குடிசையை எடுத்துவிட்டு 225 சதுர அடி வீடு கொடுத்தார்கள். ஏழு மாடிக் கட்டிடம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சமையலறைச் சுவரில் கழிவுநீர் கசிகிறது. கட்டிடச் சொசைட்டியின் கமிட்டியிடம் சொன்னால் "பார்க்கிறோம்" என்பதோடு சரி. லண்டனில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி வாடகைக்குத் தரும் வீட்டில், குடியிருக்கும் என் நாத்தனார், அங்கே குடியிருப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள் என்கிறார். இங்கே அதற்கு வழி உண்டா?
(வாசகி, மான்குர்டு)

பதில்: வழி இருக்கிறது. ஆனால் நாத்தனார் சொல்வது பாதிதான். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கவுன்சில் கட்டிடம் 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கட்டிடத்தை நிர்வகித்த அமைப்பின் குழுவில் குடியிருப்போரின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். தீப்பாதுகாப்பு சரியில்லை என்று அங்கே குடியிருந்தவர்கள் பல வருடமாக எழுதிக்கொண்டும் இருந்தார்கள். நாற்காலி கிடைத்தது, பேச்சு எடுபடவில்லை. 2020-இல் ராச்டேல் என்ற ஊரில் வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தால் 2 வயதுக் குழந்தை இறந்தது. அதைப் பற்றியும் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். இத்தனை உயிர் போன பிறகுதான் 2023-இல் சட்டத்தை இறுக்கினார்கள்.

இப்போது இங்கிலாந்தில் கவுன்சில்கள் வீட்டுப் பராமரிப்பை 22 விதமாக அளந்து வெளியிட வேண்டும். அதில் 12 கேள்விகள் குடியிருப்பவர்களிடமே கேட்கப்படுகின்றன. ரிப்பேர் சரியாக நடக்கிறதா, உங்கள் பேச்சைக் கேட்டு நடக்கிறார்களா என்பது வரை. ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் பத்து வேலைநாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். குடியிருப்பவர் சொல்வது எழுத்தில் ஏற வேண்டும், எண்ணிக்கையாக வெளியே தெரிய வேண்டும்.

இதற்கு லண்டன் வரை போகவும் தேவையில்லை. கோலார் தங்கவயலிலிருந்து பம்பாய்க்கு வந்து மான்குர்டு ஜனதா காலனியில் குடியிருந்தவர்தான் ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ள யாரும் வராதபோது பிள்ளைகளைத் திரட்டி அந்தக் குப்பையை மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்ப் போட வைத்தவர். 1976-இல் அந்தக் காலனியை இடித்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அவர் ஓயவில்லை. அவரும் அவரோடு நின்ற பெண்களும் பிடித்துக்கொண்ட வழி, நம் கணக்கை நாமே எடுப்பது. எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை குழாய், எத்தனை கக்கூஸ் என்று குடிசைவாசிகளே வீடு வீடாகப் போய் எழுதினார்கள். அதிகாரி "தகவல் இல்லை" என்று சொல்ல முடியாமல் போனது. 2000-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உங்கள் பேட்டையில் இன்னும் அவரைத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். சயானில் எங்கள் கட்டிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பி விங்கில் அடிக்கடி யாராவது ஒரு வீட்டில் கசியும். பிளம்பர் வருவார், அந்த வீட்டுச் சுவரை மட்டும் வெள்ளைச் சிமென்ட் பூசி அடைப்பார், காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதம் வேறொரு வீடு. மழைதான் காரணம் என்று எல்லாருமே நம்பினோம். அப்போது முதல் மாடியில் ஒரு அம்மா சாதாரண நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். தேதி, வீட்டு எண், எந்தச் சுவர், எந்த நேரத்தில் அதிகம் கசிகிறது, யாரிடம் சொன்னோம், யார் வந்து பார்த்தார்கள். சில மாதம் கழித்து அதைப் புரட்டினால் 104, 204, 304, 404. எல்லாமே 04 லைன், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வீடுகள். நேரமும் ஒன்றுதான். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், மேல் மாடிகளில் எல்லாரும் குளிக்கிற நேரம். மழை இல்லாத மாதத்திலும் அதே கதை. குழாய்கள் இறங்கும் டக்டுக்குள் ஆளை இறக்கிப் பார்த்தார்கள். ஐந்தாம் மாடியில் கழிவுநீர்க் குழாயின் ஜாயின்ட் விலகி, தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஜாயின்டை மாற்றியதும் நான்கு வீட்டுச் சுவரும் காய்ந்தது. பிளம்பருக்கும் கமிட்டிக்கும் தெரியாதது, பகலில் வீட்டில் இருக்கிற பெண்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதிவைக்காததால் அது யாருக்கும் பயன்படாமல் கிடந்தது.

அதனால் நோட்டு கமிட்டி ஆபீசில் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு விங்கிலும் பகலில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் நகலைச் செக்ரட்டரியிடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். லிஃப்ட் விஷயத்தில், கோளாறு மோட்டாரிலா, இல்லை பொது மீட்டர் கரன்ட் பில் பாக்கியிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பல கட்டிடங்களில் இரண்டாவதுதான். அந்தப் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பது உறுப்பினரின் உரிமை. ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும், 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் பேர் சேர்ந்து கத்துவதைவிட "04 லைன், இத்தனை புகார், ஒன்றுகூட முடியவில்லை" என்று ஒருவர் படித்தாலே பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் குடிசைப் பகுதிக்கு பில்டர் வந்திருக்கிறார். 300 சதுர அடி வீடு என்கிறார்கள், வரைபடத்தைக் காட்டிச் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள். வரைபடம் எங்களுக்குப் புரியவில்லை. என்ன கேட்க வேண்டும்?
(வாசகர், ஆன்டாப் ஹில்)

பதில்: தம்பி, புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு திறந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் அந்த வீட்டை முழு அளவில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் கட்டிலையும் சிலிண்டரையும் தண்ணீர் டிரம்மையும் வைத்துப் பாருங்கள். எண்பதுகளில் பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த, மகிளா மிலன் என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் இதைவிடப் பெரிதாகவே செய்தார்கள். தங்களுக்கு வேண்டிய வீட்டை முழு அளவு மாதிரியாகக் கட்டி, அதிகாரிகளை அழைத்துக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். ஆனால் அடுப்பு எங்கே, குழந்தை தூங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குள் மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துக் கட்டிடத்துக்கு எத்தனை அடி இடைவெளி என்று கட்டாயம் கேளுங்கள். குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு கொடுத்த நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்டுகளில் மருத்துவர்கள் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ் மாடிகளில் காசநோய் அதிகம் என்று தெரிந்தது. கட்டிடங்கள் அவ்வளவு நெருக்கம். கட்டி முடித்த பிறகு அந்த இடைவெளியை எந்தக் கமிட்டியாலும் அகலமாக்க முடியாது. கையெழுத்து உங்கள் கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். குப்பை எந்த வழியாக இறங்கும், டக்டுக்குள் ஆள் போய் வர முடியுமா, அதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கிறேன். பொதுக்கூட்டத்துக்குப் போனால் "நீங்கள் மெம்பர் இல்லை" என்று வெளியே நிற்கச் சொல்கிறார்கள். நியாயமா?
(வாசகி, செம்பூர்)

பதில்: வாக்கு உறுப்பினருக்கு மட்டும்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கூரையில் கசிந்தால் அதைப் பார்ப்பது நீங்கள்தான், வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்காரர் இல்லை. அவரிடம் உங்கள் புகாரை எழுதிக் கொடுத்து, அவர் பெயரில் சொசைட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் விங்கில் நோட்டு வைத்திருக்கும் பெண்ணிடமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எங்கள் விங்கில் 304-இல் இருந்தவர்களும் வாடகைக்காரர்கள்தான்.