மகனின் முழங்காலும் லண்டன் மாமாவின் மருத்துவப் படிப்பும்

அண்ணை, போன கிழமை நீங்களும் அக்காவும் சொன்னதைக் கேட்டு எனக்கும் மனம் கனத்துத்தான் போனது. ஆறு வயதிலிருந்து உதைபந்தாட்டமே கதி என்று இருந்த பிள்ளை, 19 வயதில் இரண்டாவது முழங்கால் சத்திரசிகிச்சையோடு நிற்கிறான். சரி, ஆறுதல் இவ்வளவு போதும். லண்டன் மாமா சொல்லும் பல்கேரிய மருத்துவப் படிப்பு வேண்டாம்.

பள்ளி இறுதிப் பரீட்சையான அபிட்டூரில் எடுத்த புள்ளி இங்கே ஜேர்மனியில் மருத்துவத்துக்குக் காணாது என்பதால்தானே பல்கேரியா? ஆறு வருடம், ஒவ்வொரு வருடமும் பல ஆயிரம் யூரோ. சீட்டுக் காசு எடுத்துக் கட்டப் போகிறீர்கள். இரத்தத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவன் அவன் என்று அக்காவே சொன்னா.

யூலியான் நாகெல்ஸ்மானை 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜேர்மன் அணியின் பயிற்றுநராகப் பார்த்திருப்பீர்கள். ஆட்டக்காரராக அவர் எட்டியது ஆக்ஸ்பூர்க் கழகத்தின் இரண்டாம் அணி வரைதான். 20 வயதில் முழங்கால் போய் ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போது அந்த அணியின் பயிற்றுநர் தோமஸ் துஹெல். அவரும் முழங்காலால் விளையாட்டை விட்டவர். எதிரணிகளின் ஆட்டத்தைப் பார்த்து வரும் வேலையை இவரிடம் கொடுத்தார். நாகெல்ஸ்மான் வணிக நிர்வாகம் படிக்கத் தொடங்கி, இடையில் விட்டு, விளையாட்டு விஞ்ஞானத்துக்கு மாறினார். எங்கள் வீடென்றால் அதற்கே பத்து மாமாமார் போன் எடுத்திருப்பார்கள். பிறகு வருடக்கணக்காக இளையோர் அணிகள். 2014இல் அவர் பயிற்றுவித்த, ஹொஃபன்ஹைம் கழகத்தின் 19 வயதுக்குட்பட்ட அணி ஜேர்மன் சம்பியன். 2016 பெப்ரவரியில், ஜேர்மனியின் முதல்தர லீக்கில் 17ஆம் இடத்தில் தவித்த அதே கழகத்தின் முதல் அணியைப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 28. அணி கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியது, அடுத்த பருவம் நாலாம் இடம்.

உங்கள் மகன் இன்னொரு நாகெல்ஸ்மான் ஆவான் என்று நான் சொல்லவில்லை. யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சிறுவர் அணிகளோடு நிற்கிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது பெற்றோல் காசுதான்.

நான் சொல்வது எஃப்.எஸ்.யே, விளையாட்டுக் கழகமொன்றில் ஒரு வருடத் தன்னார்வச் சேவை. 27 வயதுக்குள் சேரலாம். கைச்செலவுக் காசு தருவார்கள், மருத்துவக் காப்புறுதி கட்டுவார்கள், பிள்ளைக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் காசும் நிற்காது. கூம்பு வைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, தோற்றுவிட்டு அழுகிற எட்டு வயதுக்காரனின் சப்பாத்து நூலைக் கட்டிவிடுவது என்று பின்னேரங்கள் போகும். வருடத்தில் 25 நாள் கருத்தரங்கு உண்டு. பல இடங்களில் அதற்குள்ளேயே பயிற்றுநருக்கான சி லைசென்ஸ் எடுத்துவிடலாம். முக்கியமாக, அந்த வருடத்தில் கால் ஆறும். கெல்ன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக் எல்லாம் செய்துகாட்ட வேண்டும். இந்தக் காலோடு இந்த வருடம் முடியாது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்குச் சில நூறு யூரோ மட்டும். பயிற்றுநர் வேலை சரிவராவிட்டால், விளையாட்டோடு கணிதமும் எடுத்து ஆசிரியராகலாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு கொப்பியை மடியில் வைத்திருந்தான், கவனித்தீர்களா? கேட்டு வாங்கிப் பார்த்தேன். தம்பியின் 13 வயது அணி ஆடிய ஒரு ஆட்டம். யார் எந்த நிமிடத்தில் இடம் விட்டு ஓடினான் என்று பக்கம் பக்கமாக அம்புக்குறி. அடுத்த முறை மாமாவைக் கூட்டி வராதீர்கள், அந்தக் கொப்பியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். சீட்டை இந்த மாதம் எடுக்க வேண்டாம்.