பழைய மினிக்கு எந்தத் தெர்மோஸ்டாட் பொருந்தும்?

வாசகர் கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு மினி கார் உள்ளது. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை நெரிசலில் நின்றால் வெப்பமானி முள் ஏறுகிறது. தீவு விரைவுச்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். 71 டிகிரியில் திறக்கும் ‘பெர்ஃபாமன்ஸ்’ வகையைப் போடச் சொல்கிறார் நண்பர். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். 82 டிகிரி செல்சியசில் திறக்கும் தரமான தெர்மோஸ்டாட்டே உங்கள் வண்டிக்குப் போதும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கத் தொடங்கி, வெப்பம் மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் முழுதும் திறந்துவிடும்; அதற்குப் பிறகு அதற்கு வேலையே இல்லை. இன்ஜின் எந்த அளவுக்குக் கீழே குளிர்ந்துவிடக் கூடாது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. எவ்வளவு சூடேறும் என்பதை ரேடியேட்டரும் காற்றோட்டமும் தீர்மானிக்கின்றன. நெரிசலில் தண்ணீர் 100 டிகிரியை நெருங்கும்போது 71, 82 இரண்டும் முழுதும் திறந்தே இருக்கும் என்பதால், மாற்றினாலும் முள் அதே இடத்துக்குத்தான் போகும்.

ஓடும்போது இறங்கி, நிற்கும்போது ஏறுவது காற்று போதவில்லை என்பதன் அடையாளம். மினியின் ரேடியேட்டர் முகப்பில் இல்லாமல் பக்கவாட்டில், இடது சக்கர வளைவை ஒட்டி நிற்கிறது. பெல்ட்டில் ஓடும் விசிறிதான் அதன் வழியே காற்றைத் தள்ள வேண்டும். ஆகவே ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், விசிறிக் கூண்டு, சக்கரப் பக்கம் சேறும் எண்ணெயும் அப்பிய ரேடியேட்டர் இதழ்கள், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், தீப்பொறி தாமதமாக விழும்படி பின்தங்கிய இக்னிஷன் டைமிங் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஏறும் நேரத்தில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறினால், கோளாறு இன்ஜினில் இல்லாமல் இரண்டு மீட்டர்களுக்கும் மின்னழுத்தம் தரும் சீராக்கியில் இருக்கக்கூடும். பளபளக்கும் அலுமினியம் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் மூடியின்மீது கறுப்பு டேப் ஒட்டி, அதன்மீது அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கழற்றிவிடுவது நம் பட்டறைகளில் நெடுநாளாக உள்ள பழக்கம். ஆனால் வால்வு தரும் தடை நீங்கினால் இன்ஜினின் தலைப்பகுதியில் (சிலிண்டர் ஹெட்) தண்ணீரின் அழுத்தம் குறைந்து, எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டி நீராவிக் குமிழ்கள் உண்டாகலாம். பந்தய மினிகளில்கூட வெறுமையாக விடாமல், அந்த இடத்தில் ஒரு தடுப்பு வளையம் பொருத்துவார்கள். அதோடு, எப்போதும் குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெயில் சேரும் ஈரமும் வெளியேறாது. ஆண்டில் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும், அதுவும் குறுந்தொலைவுக்கு, வெளியே எடுக்கும் வண்டியில் எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறம் வெளுத்த பசை ஒட்டியிருப்பது இதனால்தான்.

வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி வகையையும் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தார் என்பது உண்மை. அழுத்த விகிதத்தைக் கூட்டி, மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகும் இன்ஜினுக்கு அதைப் போடுவதில் நியாயம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு அதைவிடக் கீழே போவதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்குமுன் வால்வின் அகலத்தையும், காற்று வெளியேறுவதற்கான சிறு துளையும் ஆடும் ஊசியும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வாங்கியதை ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாதவாறு நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு மெல்லச் சூடாக்குங்கள். 82ஐ ஒட்டித் திறக்கத் தொடங்காவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது மெழுகுக் குப்பி இன்ஜினை நோக்கிக் கீழே இருக்க வேண்டும், கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். அலுமினிய மூடி எஃகுத் திருகாணிகளில் துருவேறி இறுகியிருந்தால் நெம்பாமல், துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருங்கள். உறைபனி இல்லாத ஊர்தானே என்று குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றாமல், துருத்தடுப்புக்காகக் கூலண்ட்டைக் கலந்தே நிரப்புங்கள்.