எடைக்குப் போடுவதற்கு முன்னால்: வாசகர் கேள்விகள்

கேள்வி (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி): பேப்பர், பால் கவர், பாட்டில் எல்லாம் சேர்த்து எடைக்குப் போட்டால் மாதம் ஆயிரம் ரூபாயாவது பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நாங்கள் நாலு பேர் உள்ள வீடு. மூன்று மாதம் சேர்த்து வைத்துப் போட்டேன், 200 ரூபாய் தாண்டவில்லை. எங்கே தப்பு?

தப்பு உங்களிடம் இல்லை, கணக்குப் போடாமல் பேசிய வீடியோக்காரரிடம். 16 பக்கத் தமிழ் நாளிதழ் ஒன்று 70 கிராம் பக்கம்தான் இருக்கும், முப்பது நாளுக்கும் சேர்த்தால் இரண்டு கிலோவும் கொஞ்சமும். பால் கவர் அதைவிட மோசம். அரை லிட்டர் கவரைக் கழுவிக் காயவைத்தால் மூன்று கிராம் தேறுவதே பெரிய விஷயம், ஒரு கிலோ சேர 300, 400 கவர் வேண்டும், தினம் இரண்டு பாக்கெட் வாங்குகிற வீட்டில் அது ஆறு மாதச் சேகரிப்பு. ஆக உங்கள் 200 ரூபாய் சரியான தொகைதான், யாரும் ஏமாற்றவில்லை.

காசு இருப்பது உலோகத்தில். ஒரு கிலோ செம்புக்குக் கிடைக்கும் பணத்தைப் பேப்பரில் பார்க்க நாற்பது, ஐம்பது கிலோ சுமக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பேப்பரை நூல் கட்டி அழகாக அடுக்கி வைப்போம், ஆனால் பழைய குழாய், எரிந்துபோன மிக்ஸி மோட்டார், வயர் துண்டு, ஓட்டை விழுந்த குக்கர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு "இரும்பு சாமான்" என்று தூக்கிக் கொடுத்துவிடுவோம். கடைக்காரர் அதற்கு இரும்பு ரேட் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பெயரை வைத்தது நாம்தானே.

ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கைக்கு லேசாக இருந்தால் அலுமினியம், குக்கர் அந்த வகை. பாத்ரூம் குழாயைப் பார்த்தால் வெள்ளி மாதிரி பளபளக்கும், ஓரத்தில் அரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரியும், அதற்கு இரும்பைப் போலப் பல மடங்கு விலை. மோட்டாரில் சுற்றியிருக்கும் கம்பி செம்பு நிறத்தில் இருந்தாலும் பிளேடால் சுரண்டிப் பார்ப்பது நல்லது, விலை குறைந்த மோட்டார்களில் உள்ளே வெள்ளையாக அலுமினியம் வரும். எவர்சில்வரில் மட்டும் கொஞ்சம் குழப்பம் உண்டு. நல்ல தரத்தில் காந்தம் ஒட்டாது, மட்டமானதில் ஒட்டும், அதனால் "ஒட்டுது மேடம், இரும்பு ரேட்தான்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் புகை விஷம், கருகிய கம்பிக்கு விலையும் குறைவு. கத்தியால் உரிக்கப் பொறுமை இல்லையென்றால் உறையோடே போட்டுவிடுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): வண்டியில் வரும் பழைய பேப்பர்காரர் கொக்கித் தராசில் தூக்கிப் பிடித்து எடை சொல்கிறார். சரியான எடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் என்றால் பாட்டிலுக்கு ஒரு 20, 30 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு லிட்டரை வைத்துச் சோதித்தால் பல தராசுகள் யோக்கியமாகத்தான் காட்டும், வேலை நடப்பது பத்து கிலோவுக்கு மேல்தான், ஆகவே 20 லிட்டர் கேனையே மாட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். வீட்டில் குளியலறைத் தராசில் நான் நிறுத்தி வைத்த பேப்பர் கட்டு 23 கிலோ, வந்தவர் கணக்கில் அது 16 ஆனது. அன்று அவர் மற்றவர்களைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடச் சொன்னார் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன்! ரேட்டை ஏற்றிச் சொல்பவர் எடையில் எடுத்துக்கொள்வார், இந்த வியாபாரத்தில் இது பழைய கதை. இன்னொரு பக்கமும் உண்டு. மூன்றாவது மாடியிலிருந்து சுமந்து இறக்கி, வெயிலில் மிதித்துக்கொண்டு போய்க் கடையில் போட்டு அவருக்கும் நாலு காசு நிற்க வேண்டும், நாம் கடை ரேட்டையே அவரிடம் அடித்துப் பேசினால் அவர் வேறு எங்கே ஈடுகட்டுவார்? முழு விலை வேண்டும் என்றால் நாமே காயலான் கடைக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும், முடியாது என்றால் ஒன்றிரண்டு ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு எடையை மட்டும் கறாராகப் பார்க்கலாம். கடையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, புகாரும் அங்கேதான்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி): மாமியாரின் ஈயச்சொம்பு அடுப்பில் வைத்ததில் அடி உருகி ஓட்டையாகிவிட்டது. கூடவே ஒரு பித்தளை அண்டாவும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இரண்டையும் எடைக்குப் போடலாமா?

நல்லவேளை போடுவதற்கு முன்னால் கேட்டீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது, அதனால்தான் உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் அடுப்பில் வைத்தால் அடி போய்விடும். பார்க்க அலுமினியம் மாதிரி மங்கலாக இருந்தாலும் விலை செம்பைவிட அதிகம். கடையில் "ஈயம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி பேட்டரியில் வரும் காரீயத்தின் விலையைப் போட்டுவிட்டால் உங்களுக்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தில் எத்தனை வீட்டு ஈயச்சொம்பு ஒரு பொட்டலம் பழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சோதனை எளிது. வெள்ளைத்தாளில் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், காரீயம் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு போடும். உங்கள் சொம்பு அப்படிக் கோடு போட்டால் கலப்படம், அதில் இத்தனை நாள் ரசம் வைத்ததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். கோடு விழவில்லை என்றால் காயலான் கடைப் பக்கம் போகாமல் ஈயப்பாத்திரம் விற்கிற பாத்திரக்கடைக்குப் போங்கள். கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்கா பஞ்சம்? பழையதை எடுத்துக்கொண்டு புதுசுக்குக் கழிப்பார்களா, எவ்வளவு கழிவு போடுவார்கள் என்று இரண்டு, மூன்று கடையில் கேளுங்கள்.

அண்டாவுக்கும் அதே வழி. ஆனால் வேலைப்பாடு உள்ளதோ, பழைய எழுத்தில் பெயர் வெட்டியதோ என்றால் எடைக்கணக்கே கிடையாது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே இந்த மாதிரிச் சாமான்களுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): இன்வெர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது. காயலான் கடையா, பேட்டரிக் கடையா?

புதுசு வாங்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரிக் கடைதான், பழையதைக் கழித்துக்கொண்டு பில் போடுவார்கள். கழிவு விலை கடைக்குக் கடை மாறும், இரண்டு இடத்தில் கேளுங்கள். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. காயலான் கடையில் "ஆசிட்டைக் கொட்டிட்டு எடுத்துட்டு வாங்க" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள், அதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): பழைய செல்போனுக்கு பிளாஸ்டிக் பக்கெட் தருகிறேன் என்று தெருவில் வருகிறார்கள். கொடுக்கலாமா?

பக்கெட் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த போன் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, உள்ளே உங்கள் படங்களும் வங்கி விவரங்களும் இருக்கும். கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, மின்கழிவை முறையாக எடுக்கும் இடத்தில் கொடுங்கள். இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: சும்மா கிடக்கிறது என்று கேஸ் சிலிண்டரை எடைக்குப் போடாதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நாம் கட்டியது டெபாசிட் மட்டும், ஏஜென்சியில் ஒப்படைத்தால் அந்தப் பணம் திரும்ப வரும்.

கேள்வி (ஊட்டியிலிருந்து, பெயர் வேண்டாம் என்கிறார்): வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் போடும் பாட்டிலைக் காயலான் கடையில் போட்டால் சில்லறைதான் தருகிறார்கள். வேறு வழி உண்டா?

உங்கள் மாவட்டத்தில்தான் அந்த வழியே ஆரம்பித்தது. காட்டில் பாட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022 முதல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தருகின்றன. ஆகவே அது ஏற்கெனவே உங்கள் வீட்டிலிருந்து போன காசுதான். பாட்டில் உடையாமல், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கட்டும். டாஸ்மாக் வாசலில் நீங்கள் போய் நிற்க வேண்டாம், அவரையே அனுப்புங்கள், ஆனால் பாட்டிலை எண்ணிக் கொடுத்து, திரும்பி வந்ததும் காசையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.